சின்ன டூயல்-ஸ்போர்ட் பைக்: பராமரிப்பு முதல் மாற்றங்கள் வரை முழுமையான வழிகாட்டி

மேடு ஏற இழுவை போதவில்லை, பின் ஷாக் முதுகில் குத்துகிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் வண்டி கிளம்புகிறது. தார்ச் சாலையிலும் மண் பாதையிலும் ஓட்டக்கூடிய சின்ன டூயல்-ஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இவைதான். இதற்கு மருந்தாகத் தேடுவது வேறு ஸ்ப்ராக்கெட், விலை உயர்ந்த ஷாக், புது சைலன்சர். அழுக்கேறிய ஏர் ஃபில்டர், இடைவெளி குறைந்துபோன வால்வு, கிரீஸ் காய்ந்த லிங்கேஜ் பேரிங், உரசிக்கொண்டே ஓடும் பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்தாலே இந்தக் குறைகளில் பல காணாமல் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இப்படி: முதலில் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவருவது, அதற்குப் பிறகு மாற்றங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று.

இங்கே பேசுவது ஏறத்தாழ 200 முதல் 300 சிசி வரையான ஒற்றை சிலிண்டர் வண்டிகளைப் பற்றி. ஹோண்டா சிஆர்எஃப்300எல், கவாஸாகி கேஎல்எக்ஸ்230, யமஹா எக்ஸ்டி225, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்றவை. இவற்றில் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. யமஹா டிடபிள்யூ200 மட்டும் பருத்த டயர்களோடு தனி வழியில் போகும், ஆனாலும் அதுவும் இதே குடும்பம்தான். எல்லாவற்றிலும் பொதுவானது, விழுந்தால் ஒரு ஆளே தூக்கி நிறுத்திவிடலாம் என்கிற எடை. அந்தச் சொத்தைக் கெடுக்காத மாற்றம்தான் நல்ல மாற்றம்.

தொடங்கும் முன் உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வரும் சின்னப் புத்தகம் போதாது. மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்ட பெரிய புத்தகம் வேண்டும். கீழே நான் தரும் அளவுகள் இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் சரி.

கழுவுவதிலிருந்து ஆரம்பம்

வண்டியை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அதைக் கழுவும் நேரம். விரிசல் விட்ட பிராக்கெட், ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, காணாமல் போன போல்ட், தேய்ந்த பிரேக் பேட் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம், ஹேண்டிலின் கோன் செட், செயின், ரேடியேட்டர் இவற்றின் மேல் நேராகக் காட்டாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போகும் நீர் கிரீஸை வெளியேற்றிவிட்டு அங்கேயே தங்கிவிடும். வாளியும் பிரஷும் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் போதும்.

இன்ஜின் ஆயில்

இந்த இன்ஜின்களில் ஆயிலின் அளவு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்தான். அந்தக் கொஞ்சம் ஆயில்தான் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. அதனால் கார் ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் உரசலைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்களால் ஆயிலில் ஊறிய கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 10டபிள்யூ-40 பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். கிலோமீட்டர் கணக்கை விட எப்படி ஓட்டினீர்கள் என்பதைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயிலும், மணலில் முதல் கியரில் திணறித் திணறி நூறு கிலோமீட்டர் ஓடிய ஆயிலும் ஒன்றல்ல.

சில நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, வண்டியை நேராக நிறுத்தி, ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். அதில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற மெல்லிய சாம்பல் நிறம் இயல்பு. மினுங்கும் துகள்கள், சில்லுகள் இருந்தால் மேலே ஓட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வாஷரைப் புதிதாக மாற்றி, போல்ட்டை முதலில் விரலாலேயே திருகி உட்கார வைத்து, பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். இன்ஜின் கேஸ் அலுமினியம். ஒருமுறை மரை போய்விட்டால் அதைச் சரிசெய்யும் செலவு, பல வருட ஆயில் செலவைத் தாண்டிவிடும்.

ஏர் ஃபில்டர்: எங்கும் விட முடியாத வேலை

மண் சாலையில் ஓடும் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் நுண்ணிய தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். இழுவை மெல்ல மெல்லக் குறைவதால் ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை. ஆயில் குறையத் தொடங்கி, சைலன்சரில் நீலப் புகை வரும்போது காலம் கடந்திருக்கும்.

பேப்பர் ஃபில்டர் என்றால் அதிகம் பேச ஒன்றுமில்லை, தட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆயிலிட்ட ஃபோம் ஃபில்டருக்குத்தான் முறை தேவை. மண்ணெண்ணெயில் அல்லது இதற்கென விற்கும் கிளீனரில் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிழியுங்கள். துணி முறுக்குவதைப் போல முறுக்கினால் ஃபோம் கிழிந்துவிடும், ஒட்டிய ஓரங்களும் பிரியும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், ஓரத்தின் பசை கரைவது மறுபக்கம். பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஆயில் அந்த இடத்தில் பிடிக்காது.

காய்ந்ததும் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாகும் வரை பிசையுங்கள். மிஞ்சியதைப் பிழிந்துவிடுங்கள். ஃபில்டர் பெட்டியின் உள்பக்கத்தையும், இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சுத்தமான பக்கத்தில் துடைத்த துணியில் மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்பது உறுதி. ஃபில்டரின் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி மாட்டினால் அந்த ஓட்டை அடைபடும். முன்னால் போகும் வண்டியின் தூசியைக் குடித்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஓட்டியிருந்தால், அன்று இரவே ஃபில்டரைக் கழற்றுவது நல்லது. ஆயிலிட்ட ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் பாலித்தீன் பையில் வைத்திருந்தால் இந்த வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

வால்வு இடைவெளி

டேப்பெட் சத்தம் வந்தால்தான் வால்வைப் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் சத்தம் போடும் வால்வு இடைவெளி கூடியது. அதனால் உடனே ஆபத்தில்லை. ஆபத்து சத்தமே போடாத வால்வில் இருக்கிறது. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. மூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்துகிறது. அது நடக்காதபோது எக்ஸாஸ்ட் வால்வு கருகத் தொடங்கும். சூடான இன்ஜின் சட்டென ஸ்டார்ட் ஆக மறுப்பது, ஐடிலிங் நிலையில்லாமல் இருப்பது ஆகியவை இதற்கான அறிகுறிகள்.

வேலையை இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, முடிந்தால் ஒரு இரவு நிறுத்திவைத்த பின் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுழற்றுவது சுலபம். பக்கவாட்டில் உள்ள சின்ன மூடிகளைத் திறந்து, ஓடும்போது சுழலும் திசையிலேயே கிராங்கைத் திருப்பி, ஃபிளைவீலில் உள்ள டி கோட்டைக் கேஸில் உள்ள குறியோடு சேருங்கள். இப்போது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கர் கைகளையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் சரியான இடம். ஏதாவது ஒன்று இறுக்கமாக நின்றால், நீங்கள் தவறான ஸ்ட்ரோக்கில் இருக்கிறீர்கள். இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள்.

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தால், லேசான இழுவையோடு அது போய்வர வேண்டும். இந்த வகையில் பல இன்ஜின்களில் இன்டேக் பக்கம் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பது வழக்கமான வரம்பு. திருகும் லாக் நட்டும் உள்ள வகை என்றால் திருகை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்கி, மறுபடியும் அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறுவது மிக சகஜம். சின்னத் தகடுகளை மாற்றி இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் வகை இன்ஜினில் அளப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும். அளவு வரம்புக்கு வெளியே போயிருந்தால் கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டிவரும், அதில் கை பழகியவரிடம் விடலாம்.

கழற்றிய பிளக்கை அப்படியே மாட்டிவிடாமல் முனையைப் பாருங்கள். வெளிர் காபி நிறம் நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, கரிபடிந்து கறுத்திருந்தால் அதிகம்.

செயினும் ஸ்ப்ராக்கெட்டும்

செயினை அளக்க ஸ்கேல் போதும். இறுக்கி நிறுத்திய செயினில், ஒரு பின்னிலிருந்து 20 கண்ணிகள் தள்ளி இருக்கும் பின் வரை மையத்துக்கு மையம் அளங்கள். 520 என்ற அளவுச் செயின் புதிதாக இருக்கும்போது இது 317.5 மில்லிமீட்டர். 323-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம். 428 செயினுக்குப் புது அளவு 254. 259-க்கு அருகே வந்தால் முடிந்தது. வெவ்வேறு இடங்களில் அளந்து பாருங்கள், செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லின் பாதி வெளியே தெரிகிறதா என்பதும் எளிய சோதனைதான். புதுச் செயினை தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் அதுவும் சீக்கிரமே கெடும், ஆகவே மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

தொய்வு விஷயத்தில், இறுக்கமாக வைப்பதை விடக் கொஞ்சம் தளர்வாக வைப்பது மேல். பின் சக்கரம் மேலும் கீழும் போகும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாகும். அந்த இடத்தில் தொய்வே இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங்கும் சீலும் அடி வாங்கும். வழக்கமான அளவு 30 முதல் 40 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும்.

ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகர்ந்து, நீங்கள் வைத்த அளவு மாறிவிடும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஒரு துணிச் சுருளை வைத்துச் சக்கரத்தைத் திருப்பினால், ஆக்ஸில் முன்னோக்கி இழுக்கப்பட்டு இரண்டு பக்க அட்ஜஸ்டரிலும் அழுத்தமாக உட்காரும். அப்படியே நட்டை இறுக்குங்கள். ஸ்விங் ஆர்மில் பொறித்த கோடுகள் எல்லா வண்டியிலும் துல்லியமாக இருப்பதில்லை. ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து ஆக்ஸிலின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷும் பெட்ரோலும் ரிங்கைக் கெடுக்கும். பயணம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கத்தில் 80 அல்லது 90 கிரேடு கியர் ஆயிலை மெல்லத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே தெரியும் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். செயின் லாக் உள்ள வகை என்றால் லாக்கின் மூடிய முனை வண்டி போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் மேல் செயின் உரசாமல் காக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பலர் மறந்துவிடுவார்கள். அது தேய்ந்து ஓட்டையானால் செயின் அலுமினியத்தை அறுக்க ஆரம்பிக்கும்.

சக்கரம், டயர், ஸ்போக்

ஸ்போக்கைச் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்கும் வரிசையில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். பக்கத்தில் இருப்பவற்றையும் சரிபார்த்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுத்து பெண்டாகிவிடும். புதிய சக்கரத்திலும், ஸ்போக் மாற்றிய சக்கரத்திலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ட்யூப் டயரை வழியில் நீங்களே கழற்றி மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு பலத்தை விட ஒரு விஷயம் முக்கியம்: ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வையுங்கள். அப்போது இந்தப் பக்கம் தேவையான தளர்வு கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் லீவரோடு மல்லுக்கட்டினால் ட்யூப் கிள்ளுப்பட்டு இன்னொரு பஞ்சர்தான் கிடைக்கும். மாட்டும்போது ட்யூபில் லேசாகக் காற்று வைத்து, பவுடர் தூவி, சோப்பு நீர் தடவி, லீவரால் சின்னச் சின்னக் கடியாக எடுங்கள்.

ட்யூபின் வால்வு நெக்கில் ரிம்மோடு இறுக்கும் நட்டை இறுக்காதீர்கள், அதை மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். குறைந்த காற்றில் ஓடும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் நகரும், ட்யூபும் கூடவே நகரும். நட்டு இறுக்கமாக இருந்தால் நெக் அப்படியே பிய்ந்துவிடும். நெக் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே டயர் நகர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

காற்றழுத்தம் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. தார்ச் சாலைக்கு மேனுவல் சொல்லும் அளவு, பொதுவாக 20-களின் நடுவிலிருந்து 30 பிஎஸ்ஐ வரை. மண்ணுக்கும் தளர்ந்த கற்களுக்கும் 16 முதல் 18 போதும். கூர்மையான பாறை நிறைந்த இடத்தில் அதற்குக் கீழே போனால் ரிம் அடிபடும், ட்யூப் கிள்ளுப்படும். அதைவிடக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டயரை ரிம்மோடு நகராமல் பிடிக்கும் ரிம் லாக் போடுங்கள். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றை ஏற்றிவிடுங்கள்.

பிரேக், பேரிங், மற்ற சில

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் கூடினால் கொதிநிலை குறைந்து, நீண்ட இறக்கத்தில் லீவர் திடீரென மிருதுவாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 புதிதாக மாற்றுங்கள். பெயின்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே நீரூற்றிக் கழுவுங்கள். பேடின் உரசும் பொருள் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். கேலிப்பர் நகரும் பின்களில் மண் சேர்ந்து இறுகிப்போனால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. வண்டியைத் தள்ளும்போது கனமாக உணர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பின் ஷாக்கைத் தாங்கும் லிங்கேஜ் பேரிங்குகள் பல வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே கொஞ்சம் கிரீஸோடுதான் வருகின்றன. வருடம் ஒருமுறை கழற்றி, ஊசி பேரிங்குகளைக் கழுவி, நீர் தாங்கும் கிரீஸ் நிரப்புங்கள். ஸ்விங் ஆர்ம் அச்சுக்கும் இதே வேலை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கோன் செட்டின் தளர்வு தெரியும். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் பேரிங் முடிந்தது.

கார்புரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பவுலில், அதாவது கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். காய்ந்த பெட்ரோல் முதலில் அடைப்பது நூல் நுழையாத அளவு சிறிய துளை கொண்ட பைலட் ஜெட்டைத்தான். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் அது இதன் வேலை. ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட்டும் காலம் பார்த்து மாற்ற வேண்டியது. அதில் குழாய்த் தண்ணீர் கலக்க வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

சரி, இனி மாற்றங்கள்

முதல் மாற்றம் எதையும் வாங்காமலே செய்வது. கால் பெக்கில் நின்று, முழங்கால் லேசாக மடிந்த நிலையில் கைகளை ஹேண்டிலில் வையுங்கள். மணிக்கட்டு வளையாமல் விரல்கள் பிரேக், கிளட்ச் லீவர்களில் படும்படி லீவர்களைக் கீழே திருப்பி வையுங்கள். லீவரை ஹேண்டிலோடு பிடிக்கும் பெர்ச்சின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்க வேண்டாம். அடியில் டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றி, கையால் பலமாகத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கினால், வண்டி விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். கியர் லீவரையும் பின் பிரேக் பெடலையும் உங்கள் பூட்ஸின் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். உயரமானவர்கள் நிற்கும்போது குனிய வேண்டியிருந்தால் 20, 30 மில்லிமீட்டர் ஹேண்டில் ரைசர் உதவும். போட்ட பிறகு ஹேண்டிலை இரு முனை வரை திருப்பி, கேபிளோ பிரேக் குழாயோ ஒயரோ எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்து ஸாக். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு இது. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஓட்டும் உடை, பை எல்லாவற்றோடும் நீங்கள் உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ 30 சதவீதம் இருக்க வேண்டும். சிஆர்எஃப்300எல் போல 260 மில்லிமீட்டர் அசைவு உள்ள வண்டியில் அது 75, 80 மில்லிமீட்டர். எக்ஸ்பல்ஸ் 200-இன் பின்புறம் 170 மில்லிமீட்டர். அங்கே 50-ஐ ஒட்டி. ஷாக்கின் மேல் உள்ள காலரைத் திருப்பி இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

காலரைத் திருப்புவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது, வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். ஆகவே ஸாக்கைச் சரியாக வைத்த பிறகு, நீங்கள் இறங்கிய நிலையில் வண்டி தன் எடையால் மட்டும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெல்லியது. அப்போது கனமான ஸ்பிரிங் வாங்குவதுதான் வழி. இந்த விலை வரம்பு வண்டிகளில் ஸ்பிரிங் பெரும்பாலும் இலகுவானவருக்கே பொருந்துகிறது. முன் ஃபோர்க்குக்கும் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் புது ஃபோர்க் ஆயிலும் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். என் பார்வையில், காசு செலவழிப்பதற்கு இதைவிட நல்ல இடம் வண்டியில் இல்லை. உயரம் குறைக்கும் லிங்க் வாங்கும் முன் இருமுறை யோசியுங்கள். அது அசைவையும் தரை இடைவெளியையும் ஸ்டியரிங்கின் சாய்வையும் சேர்த்தே மாற்றிவிடும். சீட்டின் ஃபோமைச் செதுக்குவது பாதுகாப்பான முதல் படி.

பாதுகாப்புப் பொருட்களில் இன்ஜினின் அடித்தட்டும், உள்ளே அலுமினியப் பட்டை உள்ள ஹேண்ட் கார்டும் முதலில். அடித்தட்டில் ஆயில் வடிக்கத் துளை இருக்கிறதா, சேறு வெளியேற இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு அதன் கார்டு. ஆனால் காற்றைத் தடுக்கும் அளவுக்கு அடர்ந்த வலை வேண்டாம். மடங்கும் கியர் லீவரும் அகலமான கால் பெக்கும் சின்னச் செலவில் நல்ல பலன் தருபவை.

இழுவைக்கு ஸ்ப்ராக்கெட். முன்னால் ஒரு பல் குறைப்பதும், பின்னால் ஏறத்தாழ மூன்று பல் கூட்டுவதும் ஒன்றுதான். முன் 14, பின் 40 என்றால் விகிதம் 2.86. முன்னால் 13 போட்டால் 3.08, அதாவது எட்டு சதவீதம் அருகே கூடும். செங்குத்தான மேட்டில் கிளட்ச்சைப் பாதி பிடித்து எரிப்பது குறையும், அதே வேகத்துக்கு நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் அதிகம் சுழலும். ஒரு பல் விஷயம் என்பதால் பிடிக்காவிட்டால் திரும்ப மாற்றுவது எளிது. ஆனால் சின்ன முன் ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூர்மையாக வளைவதால் ஸ்விங் ஆர்ம் பட்டை வேகமாகத் தேயும். கியர்பாக்ஸில் சென்சார் உள்ள வண்டியில் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

கார்புரேட்டர் வண்டியில் ஆறு கடப்பவர்களுக்கு ஒரு சின்ன மாற்றம்: பவுலின் காற்றுக் குழாய்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும். அவை நீரில் மூழ்கினால் காற்று போக வழியின்றி பெட்ரோல் வருவது நின்று, ஆற்றின் நடுவே இன்ஜின் அணையும். ஒரு குழாயில் டி வடிவ இணைப்பு போட்டு, அதன் ஒரு கிளையை ஃபில்டர் பெட்டிக்கு மேலே கொண்டுபோனால் போதும். நீர் ஃபில்டருக்குள்ளேயே புகுந்துவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. நீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, நீர் முழுதும் வெளியேறும் வரை இன்ஜினைச் சுழற்றி, ஃபில்டரைப் பிழிந்து, ஆயிலைப் பாருங்கள்.

சைலன்சர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், இந்த சிசி அளவில் அது தருவது எடைக் குறைப்பும் சத்தமும்தான். இழுவை கூடியதாகத் தோன்றுவதில் சத்தத்தின் பங்கு அதிகம். மாற்றுவதென்றால் கலவையையும் சரிசெய்ய வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது படபடவென வெடிப்பதும், திருகியதும் தயங்குவதும் பெட்ரோல் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள். கார்புரேட்டரில் பைலட் திருகு, நீடில் உயரம், மெயின் ஜெட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சத்தமும் புகையும் பற்றிய சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் கணக்கு எளிது: 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். சின்ன இன்ஜினின் ஆல்டர்னேட்டரில் மிச்சம் அதிகம் இருக்காது. பேட்டரியில் வோல்ட்மீட்டர் வைத்து, புது விளக்கு எரியும்போதும் ரேஸ் கொடுத்த நிலையில் 13.5-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் ஃபிரேமில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷார்ட் ஆவது பெரும்பாலும் அங்கேதான்.

பைகள் மெல்லிய துணிப் பையாக இருக்கட்டும். கனமான அலுமினியப் பெட்டி விழும்போது காலைப் பிடித்துக்கொள்ளும், சீட்டுக்குப் பின்னே நீளும் மெல்லிய சப்ஃபிரேமையும் முறித்துவிடும். கருவிகள் போன்ற கனமானவை தாழ்வாகவும் முன்னோக்கியும் இருக்கட்டும். 21 அங்குல முன் ட்யூப் ஒன்றை மட்டும் கொண்டுபோனால் போதும், அவசரத்துக்கு 18 அங்குலப் பின் டயருக்குள்ளும் அதைப் போட்டு வீடு வரலாம்.

புதிதாகப் போட்ட ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நகர்ந்ததைக் கழற்றி, மரை தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக் பசை போட்டு மீண்டும் இறுக்குங்கள்.